தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூருக்கு: காவிரிக் கரையோரம் நிதானமாக ஒரு சைக்கிள் பயணம்

டெல்டா தட்டை நிலம். தரங்கம்பாடிக் கடற்கரையில் தொடங்கித் தஞ்சாவூர் வரை சுமார் 115 கிலோமீட்டரில் மூச்சு வாங்க வைக்கும் மேடு என்று ஒன்றும் கிடையாது. ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் பெரிய ஏற்றம். முதல்முறையாகப் பல நாள் சைக்கிள் பயணம் போக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் தட்டை நிலம்தானே என்று தூரத்தை மட்டும் கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர்கள் இரண்டாம் நாளே அலுத்துப்போகிறார்கள். இங்கே ஆளைச் சாய்ப்பவை எதிர்க்காற்றும் உச்சி வெயிலும். எந்தத் திசையில் ஓட்டுவது, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு நிறுத்துவது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். கியர் எத்தனை, ஹெல்மெட் என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம்.

எந்த மாதம், எந்தத் திசை

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும், வயலில் சம்பா நின்றுகொண்டிருக்கும் அல்லது அறுவடை நடந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே கடற்கரையிலிருந்து மேற்கே ஓட்ட வேண்டும். பலரும் தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அங்கிருந்து கடலை நோக்கிக் கிளம்புவார்கள். கடலில் போய் முடிப்பது கேட்க நன்றாக இருக்கும். மத்தியானம் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது அந்த அழகு போய்விடும்.

ஆடி மாதத்தில் எல்லாம் தலைகீழ். மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அப்போது தஞ்சாவூரில் தொடங்கிக் கிழக்கே போவதுதான் புத்திசாலித்தனம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்திருந்தால் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும். கண்ணுக்கு அது தனி சுகம், ஆனால் வெயில் கடுமை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வேண்டாம். ஆற்றங்கரைப் பாதைகள் சேறாகிவிடும். ஏப்ரல், மே பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

கிளம்பும் தேதியைக் குறிக்குமுன் பஞ்சாங்கத்தையும் பாருங்கள். பொங்கல் வாரம், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்கள் (பெரும்பாலும் ஜனவரியில் வரும்), கும்பகோணத்தில் மாசி மகம், அப்புறம் எந்த ஊரிலும் பெரிய முகூர்த்த நாள்: இந்த நாட்களிலெல்லாம் லாட்ஜில் அறை கிடைப்பது கஷ்டம்.

நேரக் கணக்கு

புதிதாக ஓட்டுகிறவர் சாமானுடன் மணிக்கு 12 கிலோமீட்டர் போவார். டீக்கடை, கோயில், போட்டோ, வழி கேட்பது எல்லாம் சேர்ந்தால் அது மணிக்கு 8 என்று ஆகிவிடும். திட்டம் போடும்போது இந்த 8-ஐத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 35 கிலோமீட்டர் என்றால் நாலரை மணி நேரம். காலை 6.45-க்குக் கிளம்பினால் 11.15-க்குள் முடிந்துவிடும். மார்கழி, தையில் பனிமூட்டம் இருக்கும். விடிந்தும்கூட எதிரில் வருவது தெரியாது. பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிட்டு ஓட்டுங்கள். பனி அடர்த்தியாக இருந்தால் டீக்கடையில் உட்கார்ந்து விலகும்வரை காத்திருங்கள்.

பதினொன்றரைக்கு மேல் மூன்றரை வரை சைக்கிள் நிழலில் நிற்கட்டும். கோயில்களும் பொதுவாகப் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை நடை சாத்தியிருக்கும். அதனால் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஒன்பதரைக்குள் போய்ச் சேருங்கள், இல்லையென்றால் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இருட்டியபின் ஓட்ட வேண்டாம். விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரும், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையும், ரோட்டில் படுத்திருக்கும் மாடும் விளக்கு வெளிச்சத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

வழி: ஐந்து நாள்

தொடங்குவது மயிலாடுதுறை ரயில் சந்திப்பில். முதல் நாள் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி, சுமார் 30 கிலோமீட்டர். இந்த ஒரு நாள் மட்டும் காற்றுக்கு எதிரே போகிறோம். அதனால்தான் இதைக் காலையிலேயே, காற்று எழுவதற்குள் முடிக்க வேண்டும். ஆக்கூருக்குப் பிறகு நாகப்பட்டினம் போகும் நெடுஞ்சாலை. பேருந்தும் லாரியும் வேகமாக வரும், ஓரத்திலேயே இருங்கள். திருக்கடையூரில் லாட்ஜுகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அறுபதாம் கல்யாணக் கூட்டம் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கும். முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1718-இல் கட்டிய புது எருசலேம் தேவாலயமும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கடற்கரையில் சைக்கிளை மணலில் உருட்டாதீர்கள். உப்புக் காற்றில் ஒரு ராத்திரி நின்றாலே செயின் பழுப்பேறும். காலையில் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இரண்டாம் நாள் அதே ரோட்டில் திரும்ப வேண்டாம். பொறையாறு, சங்கரன்பந்தல் பக்கமாக உள்ளடங்கிய சாலையில் மயிலாடுதுறைக்கு வாருங்கள். தூரம் ஏறக்குறைய அதேதான், வண்டிகள் குறைவு.

மூன்றாம் நாள் குத்தாலம், திருவாவடுதுறை, ஆடுதுறை, திருவிடைமருதூர், திருபுவனம் வழியாகக் கும்பகோணம், 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இது பேருந்துத் தடம். அகலம் குறைந்த ரோட்டில் தனியார் பேருந்துகள் நேரத்தைப் பிடிக்க ஓடும். ஊருக்கு ஊர் ஆற்றங்கரைக் கிளைச் சாலைகள் உண்டு. அவற்றில் புகுந்து புகுந்து வெளியே வரலாம். திருபுவனத்தில் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன.

நான்காம் நாள் மூட்டையை லாட்ஜில் போட்டுவிட்டு வெறும் சைக்கிளில் தாராசுரம், பட்டீஸ்வரம், பழையாறை என்று ஒரு 20 கிலோமீட்டர் சுற்று. உடம்புக்கு இந்த நாள் கட்டாயம் தேவை. மூன்று நாள் தொடர்ந்து உட்கார்ந்த பிறகு இடுப்பும் உள்ளங்கையும் ஓய்வு கேட்கும். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சிலர் இந்த நாளில் சேர்ப்பார்கள். போக 35, வர 35, நடுவில் அணைக்கரையின் குறுகலான பாலம். முதல் பயணத்தில் அது வேண்டாம், பேருந்தில் போய் வாருங்கள்.

ஐந்தாம் நாள்தான் இந்த வழியின் சிறப்பான நாள். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம், திருப்பழனம் வழியாகத் திருவையாறு. பிறகு தெற்கே திரும்பித் தஞ்சாவூர். மொத்தம் 48 கிலோமீட்டர் இருக்கும். பெரும்பகுதி காவிரியை ஒட்டியே போகும். வாழைக் கொல்லை, வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, படித்துறை என்று மாறி மாறி வரும். சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறைகள் உண்டு. மெழுகு உருவத்தின்மேல் முதலில் பூசும் மண் காவிரி வண்டல். மாவுபோல் நைசாக இருப்பதால்தான் நகக்கண் வரைக்கும் அச்சு விழுகிறது. கேட்டால் காட்டுவார்கள், வேலை நடக்கும்போது ஓரமாக நில்லுங்கள். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரும் 13 கிலோமீட்டருக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்களை வரிசையாகக் கடப்பீர்கள். ரோடு குறுகல், வண்டி அதிகம். திருவையாற்றில் சாப்பிட்டு இளைப்பாறி, வெயில் தாழ்ந்த பிறகு நாலு மணிக்கு இந்தப் பகுதியை ஓட்டுவது நல்லது.

வழி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "இந்த ரோட்டில் சைக்கிள் போகுமா?" என்று கேட்டால் யாரும் "ஓ, போகுமே" என்றுதான் சொல்வார்கள், வரப்பிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அவர்கள். "மினி பஸ் போகிற ரோடா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் தார் ரோடு. செல்போன் வரைபடத்தில் கார் வழியைப் போட்டால் நெடுஞ்சாலைக்கு இழுக்கும், நடை வழியைப் போட்டால் வாய்க்கால் வரப்பில் கொண்டுபோய் விடும். இருசக்கர வாகன வழியைப் போடுங்கள். வடகரை, தென்கரை என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் காதில் வாங்குங்கள். ஆற்றின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி.

சைக்கிள்

இந்த நிலத்துக்குக் கியர் அவசியமில்லை. நல்ல நிலையில் உள்ள சாதாரணக் கறுப்பு சைக்கிளே போதும். அதன் டயரும் டியூபும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய வசதி. கியர் சைக்கிள் என்றால் டயர் அகலம் 35 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கட்டும். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் கப்பிச் சாலையில் உங்களையும் படுத்தும், தானும் கிழியும். 38 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ ஆள், கொஞ்சம் மூட்டை என்றால் பின் சக்கரத்துக்கு 50 முதல் 55, முன் சக்கரத்துக்கு 40 முதல் 45 பிஎஸ்ஐ காற்று சரியாக இருக்கும்.

சீட் உயரம்தான் புதியவர்கள் அதிகம் தப்புப் பண்ணும் இடம். தரையில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தி வைப்பார்கள்; 20 கிலோமீட்டரில் முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. இடுப்பு இருபக்கமும் ஆடினால் ஒரு சென்டிமீட்டர் இறக்குங்கள். உள்ளங்கை மரத்துப்போனால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்புப் பாரம் கைக்கு இறங்கும். மட்டமாக வையுங்கள்.

சீட் அமைத்த பிறகு வீட்டுப் பக்கத்திலேயே மூட்டையோடு 25 கிலோமீட்டர் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். புது சீட்டும் புதுச் செருப்பும் பயண நாளன்று முதல்முறையாக வேண்டாம்.

மூட்டை

மொத்தம் 6 கிலோ, மிஞ்சினால் 8. முதுகில் பை மாட்டக் கூடாது. சட்டை நனைந்து, தோள் இறுகி, பாரம் முழுவதும் சீட்டில் இறங்கும். கேரியரில் கட்டுங்கள். இருபக்கமும் தொங்கும் பை என்றால் மிதிக்கும்போது குதிகால் இடிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளி மாட்டுங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு குழியில் குதித்துக் கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்துக் கட்டுங்கள், பால் கேன் கட்டுகிறவர்கள் கட்டுவது போல, அவிழவே அவிழாது.

உடை இரண்டு செட்டு, துண்டு, லுங்கி அல்லது நைட்டி, தொப்பி, மழைக்கு ஒரு பாலித்தீன் உறை. தண்ணீர் இரண்டு லிட்டர் எப்போதும் கையில். வெயில் ஏறியபின் மணிக்கு முக்கால் லிட்டராவது குடிக்க வேண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும். இடையில் உப்புப் போட்ட நீர்மோரோ ஓஆர்எஸ் கரைசலோ சேருங்கள். காலை டிபனில் பொங்கல், வடை என்று கனமாகச் சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் மிதிக்க முடியாது. இட்லி நாலு, பத்து மணிக்கு வாழைப்பழம் இரண்டு, பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்றால் வயிறும் கேட்கும், காலும் கேட்கும். பெண்கள் கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், பெரிய கோயில் இருக்கும் இடங்களைக் காலையிலேயே வரைபடத்தில் குறித்துவைப்பது நல்லது. இடையில் உள்ள கிராமங்களில் கிடைப்பது நிச்சயமில்லை.

ரோட்டில் என்னென்ன வரும்

தை, மாசியில் ரோட்டின் ஒரு பாதி நெல் களமாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால் கிடைத்த தார் ரோட்டிலெல்லாம் காயப்போடுவார்கள். தார் சூட்டில் சீக்கிரம் காயும். அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். அடுத்தவர் சோறு என்பது ஒருபுறம். உருளும் மணியில் முன்சக்கரம் வழுக்கினால் தோள்பட்டைதான் முதலில் தரையைத் தொடும். வேகத்தைக் குறைத்து, பிரேக்கைப் பிடிக்காமல், வளைக்காமல் ஓரமாகக் கடந்து போங்கள். குவியலைச் சுற்றி வைத்திருக்கும் கல்லையும் கவனியுங்கள்.

வைக்கோல் இன்னும் மோசம். கியர் சைக்கிளில் ஒரு சரம் வைக்கோல் பின்பக்கக் கியர் மாற்றியின் சிறு சக்கரங்களில் நுழைந்தால் ஒரே மிதியில் சுற்றி இறுகிவிடும். கால் கனமாவது தெரிந்தவுடன் மிதிப்பதை நிறுத்துங்கள். வேகம் கொடுத்துத் தாண்டிவிடலாம் என்று அழுத்தினால் கியர் மாற்றி வளைந்து போக்ஸ் கம்பியில் சிக்கும், பயணம் அங்கேயே முடிந்தது. இறங்கி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே கையால் உருவி எடுங்கள்.

அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறும் இடத்தில் களிமண் கட்டி ரோட்டில் சிதறிக் கிடக்கும். காய்ந்திருந்தால் தொல்லையில்லை. பனியில் ஈரமானால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே நிறுத்தும். ஒரு குச்சியைக் கேரியரில் செருகி வைத்திருங்கள், சுரண்ட உதவும்.

புதிதாகத் தார் போட்ட ரோட்டின் விளிம்பு மண்ணைவிட நாலு விரல் உயரமாக இருக்கும். எதிரில் பேருந்து வந்து மண்ணில் இறங்கிவிட்டீர்களா, ஓட்டிக்கொண்டே சாய்வாக மேலே ஏறப் பார்க்காதீர்கள். டயர் விளிம்பை உரசிக்கொண்டே ஓடி ஆளைத் தார்மேல் தள்ளும். நின்று, தூக்கி வைத்து ஏறுங்கள். நாய் துரத்தினால் வேகம் கூட்ட வேண்டாம். இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைப்பதோடு விட்டுவிடும்.

பஞ்சர்

சீமைக் கருவேல முள்தான் இந்த வழியின் முதல் எதிரி. வேலி வெட்டிய இடத்தில் ரோட்டோரமெல்லாம் கிடக்கும். கையில் வேண்டியவை: மாற்று டியூப் 2, ஒட்டுத் துண்டு 6, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் நெம்பி 2, சிறு பம்பு, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, சக்கர நட்டுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர்.

1. ரோட்டை விட்டு நிழலுக்குப் போய்ச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டயரைக் கழற்றுமுன் வால்வு இருந்த இடத்தில் டயரின்மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். டியூபில் ஓட்டை தெரிந்ததும் முள் டயரில் எங்கே என்று இதுவே காட்டும்.
2. மாற்று டியூபைப் போடுமுன், டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் ஒரு சுற்றுத் துடைத்து வாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தேடினால் விரல் கிழியும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். ஒடிந்த முள்நுனி உள்ளேயே இருக்கும், இரண்டாவது கிலோமீட்டரில் புது டியூபும் போகும்.
3. டியூபில் லேசாகக் காற்றடித்து வட்டமாக்கி உள்ளே வையுங்கள். டயர் விளிம்பைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள், கடைசி ஒரு சாண் வால்வுக்கு எதிர்ப்புறம் இல்லாமல் வால்வு அருகே முடியட்டும். நெம்பியால் ஏற்றினால் டியூப் நசுங்கும்.
4. கிழிந்த டியூபை ராத்திரி லாட்ஜில் ஒட்டுங்கள். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய ஐந்து நிமிடம் விட்டு, பிறகு ஒட்டுத்துண்டை அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டியது மறுநாள் வெயிலில் பெயரும்.

டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு இருந்தால் அது முள் இல்லை. காற்றுக் குறைவாக இருந்து குழியில் ரிம் நசுக்கியது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் உள்ளே இருக்கும் ரிம் டேப் விலகியிருக்கிறது.

வால்வு வகையைக் கிளம்புமுன்பே பாருங்கள். விலை உயர்ந்த சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குக் கிராமத்துக் கடையில் காற்றுப் பிடிக்க முடியாது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும். அதை வால்வின் மேலேயே திருகி வைத்துவிடுங்கள், பையில் போட்டால் தேவைப்படும்போது கிடைக்காது. லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் பிடிக்கும்போது விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சைக்கிள் டியூப் நொடியில் வெடித்துவிடும்.

ரயிலில் கொண்டுபோவது

சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். நீங்கள் போகும் ரயிலில் அதற்கு இடமுண்டா, இறங்கும் நிலையத்தில் சாமான் இறக்கும் அளவுக்கு வண்டி நிற்குமா என்று முதல்நாளே நேரில் கேட்டுவிடுங்கள். அன்று ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். விளக்கு, பம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். பெயர், போன் நம்பர், ஏறும் இடம், இறங்கும் இடம் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்று பிய்ந்தாலும் மற்றது இருக்கும். கியர் மாற்றி இருக்கும் பக்கத்தில் பழைய சாக்கைச் சுற்றுங்கள், மேலே மூட்டை சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். ரயில் புறப்படும்முன் உங்கள் சைக்கிள் ஏறிவிட்டதா என்று பிளாட்பாரத்தில் நின்று கண்ணால் பார்த்த பிறகே உங்கள் பெட்டிக்குப் போங்கள். சில சமயம் அடுத்த வண்டியில்தான் வரும், ஆகவே முதல் நாள் ஓட்டத்தை ரயில் இறங்கிய அன்றே வைக்காமல் மயிலாடுதுறையில் ஒரு ராத்திரி தங்குவதுபோல் திட்டமிடுங்கள்.

ஊர் திரும்பத் தஞ்சாவூர் வசதியான நிலையம். இன்னும் ஒரு நாள் கையிலிருந்து காலும் ஒத்துழைத்தால், திருவையாற்றில் தெற்கே திரும்பாமல் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வரை போய்த் திருச்சியில் ரயில் ஏறலாம். அதற்குத் திருவையாற்றிலோ திருக்காட்டுப்பள்ளியிலோ ராத்திரி தங்க இடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.